படகில் ஓர் ஆள் அதிகம்

சந்திரிகாவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நேரத்துக்கு வருவாள், எல்லோருக்கும் தேன்குழல் வாங்கி வருவாள், பகடையில் தோற்றால் முகம் சுளிக்க மாட்டாள், கிளம்பும்போது கீழே கிடக்கிற குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போவாள். ஒரே ஒரு கெட்ட குணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை மகராசி.

எங்கள் ஆட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சீட்டாட்டம் என்று நினைத்துவிடுவீர்கள்; என் அப்பா ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை. ஒருத்தி உலகத்தைச் சொல்வாள்: இங்கே ஒரு விண்கலம், இதில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே ஒரு காவலாளி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே ஒளிகிறேன் என்பார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலித்தது, சின்ன எண் விழுந்தால் கதை கந்தல். உலகத்தைச் சொல்கிறவளுக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். ஆறு வருடமாக எங்கள் மேஜையில் அது நான்தான், ஷண்முகப்ரியா.

மேஜை என்றால் துணி வெட்டுகிற மேஜை. தி. நகரில் அப்பா மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தில் பிளவுஸ் துணி எடுத்துக் கொடுக்கிற கடை. மாடியில் லைனிங் துணி குடோன், அதன் நடுவே இந்த நீள மேஜை. கறுப்பு லைனிங்கை விரித்து டெய்லர் சாக்கால் விண்கலத்தை வரைவேன். கறுப்பில் வெள்ளைக்கோடு விழுந்தால் ஆகாயத்துக்கு வேறு என்ன வேண்டும். ஆட்டம் முடிந்து உதறினால் கலம் மறைந்துவிடும், துணி மறுபடி அடுக்குக்குப் போய்விடும். அப்பா போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே கூட்டம் நெரியும். மேலே நாங்கள் வேறு கிரகத்தில் இருப்போம்.

எனக்கு முன்னால் மட்டும் ஒரு அட்டை நிற்கும். துணிக்கட்டு வந்த பெட்டியைப் பிரித்துச் செய்தது. எதிரிகளுக்கும் இயந்திரங்களுக்கும் நான் உருட்டும் பகடை அதற்குப் பின்னால்தான் விழும், வேறு யாருக்கும் தெரியாது. நான் சொல்வதுதான் எண். நம்பிக்கையில் ஓடுகிற தொழில் இது.

என் முதல் ஆட்டக்காரி ஏஞ்சல். நாங்கள் சாந்தோமில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவள் அம்மா கங்கம்மா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறார். அப்பா பக்கம் வேதக்காரர்கள், அதனால் மகள் ஏஞ்சல். இப்போது அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டத்தில் அவள் கேப்டன் தங்கபுஷ்பம், கொள்ளைக்கூட்டத் தலைவி. முதல் ஞாயிற்றுக்கிழமை, பழைய இரும்புக்கடை மாதிரி ஒரு கிரகத்தில் அவளை இறக்கிவிட்டிருந்தேன். இந்தக் குப்பையில் உருப்படியாக ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டாள். நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. கைக்குக் கிடைத்த பெரிய கோட் பட்டனை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு ரோபோ கிடக்கிறது, உயிர் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றேன். அவள் அதை ரிப்பேர் செய்தாள். பெயர் பட்டன் என்றே நின்றுவிட்டது.

பட்டனுக்கு நான்தான் குரல். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். கடையில் பிறந்த ரோபோ என்பதால் எதற்கும் 'கலர் போகாது, கேரண்டி' என்றுதான் சொல்லும். குண்டு வெடிக்குமா என்று கேட்டாலும் அதே பதில்தான். ஏஞ்சல் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். கேம் மாஸ்டருக்கு உலகமே சொந்தம், ஆனால் அந்த உலகத்தில் அவளுக்கென்று ஓர் உடம்பு கிடையாது. எனக்கு இருந்த உடம்பு பட்டன்தான். அது ஏஞ்சலின் தோளில் உட்கார்ந்து ஆறு வருடம் ஊர் சுற்றியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் சந்திரிகாவைக் கூட்டிவந்தவன் சக்திவேல். வடபழனியில் டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கிறான். ஆட்டத்தில் எங்கள் பைலட். அவள் அங்கே குரல் கொடுப்பவள். செத்துப்போன அம்மா, பேய், பத்து வயதுப் பிள்ளை என்று எல்லாமே அவள் தொண்டையில் இருக்கிறது. மயிலாப்பூர்க்காரி, இப்போது அடையாறில் தனி வீடு. முதல் நாளே சொர்ணம் என்று ஒரு சமையல்காரியை உண்டாக்கிக்கொண்டாள். அந்தச் சொர்ணம் இருமினால்கூட ஏஞ்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத் துணிக்கடைக் குரல். மூக்கைப் பிடித்தால் பட்டன், விட்டால் நான், அவ்வளவுதான் என் வித்தை.

இரண்டாவது வாரமே ஏஞ்சல் அவளைச் சந்து என்று கூப்பிட ஆரம்பித்தாள். என்னை ஆறாம் வகுப்பிலிருந்து ப்ரியா என்றுதான் கூப்பிடுகிறாள். ப்ரியாவைச் சுருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, எரிகிறது. ஒரே திசை என்பதால் இருவரும் ஒரே ஆட்டோவில் போவார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஆட்டோவுக்குள் அவர்கள் தலை இரண்டும் சேர்ந்து குனிந்து ஒரே போனைப் பார்த்துக்கொண்டு போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்திவேல் வாய் தவறி, வியாழக்கிழமை வந்த அந்தப் பேய்க்கப்பல் மாதிரி என்று ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று தேன்குழலைக் கடித்துக்கொண்டான். ஏஞ்சல் குனிந்து தன் பகடையைத் தேடினாள். பகடை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அடையாறில், சந்திரிகா வீட்டில், வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொரு மேஜை ஓடுகிறது. அதில் கேம் மாஸ்டர் அவள். என் ஆட்டக்காரர்கள் அங்கே போய் ஆடுகிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டின கதைதான். சக்திவேல் போனால் போகட்டும், அவன் யார் பிரியாணி போட்டாலும் போவான். ஏஞ்சல் போனாள் என்பதுதான் தாங்கவில்லை. போனதைவிட அதை என்னிடம் சொல்லாமல் இருந்தது. தினமும் போனில் பேசுகிறோம். ஆஸ்பத்திரியில் எந்த நோயாளி எதைக் கடித்தான் என்பதுவரை சொல்கிறவள், வியாழக்கிழமையை மட்டும் தாண்டிக்கொண்டு போனாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு கொள்ளையைத் தயார் செய்தேன். முழுக்க ஏஞ்சலுக்காக. அவள் மறுபடி என் பக்கம் முழுசாகத் திரும்ப வேண்டும், அதற்கு எவள் குரலும் தேவையில்லை என்று காட்ட வேண்டும்.

ராஜயோகம் என்று ஒரு ஆடம்பர விண்கலம். அதற்குள் பெட்டகத்தில், பூமியில் பிடித்த கடைசி வவ்வால் மீன் ஜோடி, கண்ணாடித் தொட்டியில் உயிரோடு நீந்துகிறது. பெரும் பணக்காரன் ஒருவனின் விருந்துக்கு வறுவலாகப் போகிறது. வறுக்கும் முன்னால் கடத்த வேண்டும். பெட்டகத்தின் பூட்டை அலை மாதிரி செய்திருந்தேன்: ஏறும், இறங்கும், நடுவில் ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் கை வைத்தால் திறக்கும். கரையில் வளர்ந்தவள் சட்டென்று பிடித்துவிடுவாள், மற்றவர்கள் முழிப்பார்கள். அப்போது எல்லோரும் ஏஞ்சலைப் பார்ப்பார்கள், ஏஞ்சல் என்னைப் பார்ப்பாள். இதற்காக ஆபீஸில் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பல நாள் யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலத்தை மேஜை முழுக்க நீளமாக வரைந்தேன். மீன் என்றதும் ஏஞ்சல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண் மின்னியதைப் பார்த்து எனக்குப் பாதி வயிறு குளிர்ந்தது. திட்டம் போட்டார்கள். சொர்ணம் விருந்துச் சமையல்காரியாக உள்ளே நுழைவாள், கேப்டன் விருந்தாளி வேஷத்தில் வருவாள், பட்டன் சாக்கடைக் குழாய் வழியாகப் பெட்டகத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவைக்கும், பைலட் தப்பிக்கும் படகைக் குப்பை வாசலில் நிறுத்தி வைத்திருப்பான். நல்ல திட்டம். என் பூட்டுக்கு நேராக வந்துகொண்டிருந்தார்கள்.

சமையலறையில் காவல் தலைவனை நிறுத்தியிருந்தேன். நீ சமையல்காரிதானா, மீனைப் பற்றி ஏதாவது சொல் பார்ப்போம் என்று சொர்ணத்தைக் கேட்டான். சந்திரிகா வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. அவள் ஏஞ்சல் பக்கம் சாய்ந்தாள். இருவரும் காதோடு காது வைத்துக் குசுகுசுத்தார்கள். என் மேஜையில், என் முன்னால். பிறகு சந்திரிகா இடுப்பில் கை வைத்து, பழுத்த சமையல்காரியின் கரகரத்த குரலில் காவலனைப் பிடிபிடி என்று பிடித்தாள். வவ்வாலுக்கு மசாலா தடவிச் சாயங்காலம்வரை ஊற வேண்டாமா, மீனைப் பெட்டகத்தில் பூட்டி வைத்துக்கொண்டு எவன் விருந்து போடுவான், இப்போதே கொண்டுவந்து என் அடுப்படியில் வை, இல்லாவிட்டால் உன் எஜமானிடம் நீயே பதில் சொல்லு என்றாள். பகடையை உருட்டினாள். இருபது.

இருபது விழுந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டகத்தை நானே திறந்து, தொட்டியை நானே தூக்கிவந்து, அவள் அடுப்படியில் நானே வைக்க வேண்டியதாயிற்று. அலைப்பூட்டை யாரும் தொடவேயில்லை. ஏஞ்சல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சாக்கட்டி உருண்டு கீழே விழுந்தது. 'சந்து, எங்கம்மாவே தோத்துச்சு போ' என்று அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது. நான் ஏஞ்சலுக்காகச் செய்த கொள்ளையில் ஏஞ்சல் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அது என்னால் இல்லை, அவ்வளவுதான்.

தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் குப்பை வாசலுக்கு ஓடினார்கள். எச்சரிக்கை மணி அடித்தது. எல்லோரும் படகில் ஏறினார்கள். இன்ஜின் தூக்குமா என்று பார்க்க அட்டைக்குப் பின்னால் உருட்டினேன். பதினெட்டு விழுந்தது. படகு பறந்திருக்க வேண்டும்.

பகடையைக் கையால் மூடிக்கொண்டேன். படகு எழும்பவில்லை என்றேன். தொட்டித் தண்ணீரின் கனம். ஓர் ஆள் பாரம் அதிகம், ஒருவர் இறங்கினால்தான் கிளம்பும்.

சக்திவேல் எதையெல்லாமோ தூக்கி எறிந்து பார்த்தான். இருக்கை, கயிறு, தன் செருப்பு. போதாது என்றேன். பைலட் இல்லாமல் படகு ஓடாது. கேப்டன் கைரேகை இல்லாமல் கூட்டத்தின் மறைவிடத்துக் கதவு திறக்காது. மீன் இல்லாவிட்டால் வந்ததே வீண். மிச்சம் இருப்பது சொர்ணம், பட்டன். பட்டன் முழு இரும்பு, ஓர் ஆள் கனம் இருக்கும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். கேப்டன்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.

ஏஞ்சல் மேஜையைப் பார்த்தாள். சொர்ணத்துக்கு வைத்திருந்தது ஒரு சின்ன வெண்கலக் கரண்டி, பக்கத்தில் பட்டன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டன் ஆறு வருடம், சொர்ணம் எட்டு மாதம். என்னைக் காப்பாற்று என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். பட்டனை விட்டுட்டு வரமாட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு மேஜை என்ன, இருபது மேஜைக்கு அவள் போகட்டும். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் சந்திரிகா கரண்டியை எடுத்துப் படகுக்கு வெளியே வைத்துவிட்டாள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

"நீங்க எல்லாரும் கெளம்புங்கோ. நான் இங்க இருந்துண்டு கதவைச் சாத்திக்கறேன். மீனுக்கு மட்டும் தண்ணி மாத்துங்கோ, மறந்துடாதேங்கோ" என்றாள் சொர்ணம்.

குரலை உயர்த்தவேயில்லை. சொர்ணம் உள்ளே போய், அடுப்பை மூட்டி, காவலர்கள் வரும்வரை விருந்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு உடைந்தபோது, கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். சக்திவேல் மூக்கை உறிஞ்சினான். ஏஞ்சல் அழுதே விட்டாள். நான் வைத்த பொறியில் எலி விழாமல் தேவதை விழுந்துவிட்டது. அன்றைக்கு ஆட்டத்தின் சிறந்த காட்சியை அவளுக்கு நானே என் கையால் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

இன்னும் துரத்தல் பாக்கி இருந்தது. எந்த மேஜையிலும் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் செத்தோ பிடிபட்டோ போனவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று, கேம் மாஸ்டரிடம் இருக்கிற உதிரி ஆள் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிடுவோம். சக்திவேல் கொஞ்சமும் யோசிக்காமல் பட்டனைச் சந்திரிகா பக்கம் தள்ளினான். இந்தா மச்சி, மிச்ச ஆட்டத்துக்கு நீ பட்டன் என்றான்.

சந்திரிகா எடுக்கவில்லை. ப்ரியா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். ஏஞ்சலும் என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? அது நான் என்றா? எடுத்துக்கோங்க என்றேன்.

அவள் பட்டனை ஏஞ்சலின் கேப்டன் தோளருகே நகர்த்தி வைத்தாள். மூக்கைப் பிடிக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து துருப்பிடித்த, பயந்துபோன சின்னக் குரல் ஒன்றை எடுத்தாள். கேப்டன், நாம தப்பிச்சுடுவோமா என்று பட்டன் கேட்டது. ஏஞ்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலர் போகாது, கேரண்டி என்றாள். ஆறு வருடமாக நான் அவளுக்குச் சொன்னதை அவள் சந்திரிகாவுக்குச் சொன்னாள். நான் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, துரத்துகிற கலங்களுக்குப் பகடை உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மேஜையில் நான் எங்கேயும் இல்லை.

மீன் பிழைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா கீழேயிருந்து டீ கொடுத்தனுப்பினார், குடித்தார்கள். சக்திவேலும் சந்திரிகாவும் கிளம்பினார்கள். சந்திரிகா போகும்போது பட்டனை என் பக்கம் வைத்துவிட்டு, எனக்கு இது சரியா வரல என்று சொன்னாள். பொய். அபாரமாக வந்தது. ஏஞ்சல் அவளோடு ஆட்டோவில் போகவில்லை. துணியின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். உதறினோம். சாக்பொடி பறந்தது.

"இன்னாடி ஆச்சு உனக்கு இன்னிக்கி?" என்றாள்.

படகு கனம் தாங்கவில்லை, நான் என்ன செய்ய என்றேன். அவள் துணியை விடவில்லை. அப்போது எனக்கு வாய் அடங்கவில்லை.

"பட்டனை நீ விட்டுட்டு வரமாட்டேன்னு நெனச்சேன். அவ முந்திக்கிட்டா. இல்லன்னா நீ சொல்லியிருப்பதானே?"

ஏஞ்சலுக்குப் பொய் சொல்ல வராது. பட்டனைத்தான் இறக்கிவிடப் போனதாகச் சொன்னாள். அது நான் செய்தது, எப்படியும் அடுத்த வாரம் எங்கிருந்தாவது நான் அதைக் கொண்டுவந்துவிடுவேன் என்று நினைத்தாளாம். சொர்ணம் போனால் போனதுதான். அதனால் அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை என்றாள். நான் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னை விட்டுட்டுப் போறதுக்கு யோசிக்கவே வேணாமா?" என்றேன்.

"நீ இன்னாடி, பட்டனா?"

அவளுக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. துணிக்கட்டு மேல் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை விஷயம் எனக்குத் தெரியும் என்றேன். தெரியும் என்பது தனக்கும் தெரியும், அதனால்தான் இன்றைக்குப் படகு கனத்துப்போயிற்று என்றாள். அப்போதும் எனக்குச் சந்திரிகாமேல்தான் கோபம். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவள் சொன்னாளா என்று கேட்டேன்.

"அவ இன்னாத்துக்குச் சொல்லப் போறா? மொத வாரமே உன்னைக் கூட்டினு வரச் சொன்னா. நான்தான் வேணாம்னேன்."

கீழே யாரோ மாம்பழ மஞ்சள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது இல்லை, எலுமிச்சை மஞ்சள்தான் இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக நான் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வசவை எல்லாம் எடுத்து ஏஞ்சல்மேல் போடவும் மனசு வரவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"உன் அட்டைக்குப் பின்னாடி இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா ப்ரியா? ஆறு வருஷத்துல நான் ஒரு தடவ செத்திருக்கேனா? சக்தி ஆறு தடவ செத்துட்டான். எனக்கு மட்டும் குண்டு காதோரமா போவும், கயிறு அறுந்தா கீழ வைக்கோல் இருக்கும். நீ உருட்டுனதுமே எனக்குத் தெரியும், எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு. சந்து வீட்டுல ரெண்டாவது வாரமே செத்தேன். ஜாலியா கீதுடி. நான் தாவுனா அது நெஜமாவே தாவுறது."

அவளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன். அவள் விழாமல் பார்த்துக்கொண்டேன், அதனால் அவள் என்னைவிட்டுப் போகமாட்டாள் என்றும் நினைத்திருந்தேன் போல. அப்போ ஞாயிற்றுக்கிழமை இனி வரமாட்டியா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வருவேன் என்றாள். ஆனால் இதேபோல் போனால் எத்தனை நாள் வருவேன் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் உறைத்தது. பிறகு துணியை நான்காக மடித்து அடுக்கில் வைத்துவிட்டு, அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறார், வருகிறாயா என்று கேட்டாள். பசிக்கவில்லை என்றேன். பொறாமைக்காரிக்குப் பசிக்குமா, அதுவே வயிற்றை நிறைத்து வைத்திருக்கிறது.

வியாழக்கிழமை வந்தது. தேனாம்பேட்டையில் ஆபீஸ் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அடையாறு போகிற பஸ் ஒன்று வந்தது, போனது. இந்நேரம் அவள் அங்கே சிரித்துக்கொண்டிருப்பாள், யாருடைய தோளிலாவது சாய்ந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் நிறைய வந்தன. எல்லாவற்றையும் சந்திரிகாவுக்கே கொடுத்தேன், பழக்கதோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வந்துவிட்டோம். சந்திரிகா புதிதாக ஒரு கிழட்டுக் கணக்குப்பிள்ளை பாத்திரம் செய்துகொண்டு வந்திருந்தாள், அதுவும் நன்றாகவே இருந்தது. மீனைப் பறிகொடுத்த பணக்காரனின் ஆட்கள் மறைவிடத்துக்கு வந்துவிட்டார்கள். மீன் தொட்டியோடு பைலட் ஒரு கலத்தில் இருக்கிறான். அதற்கும் கேப்டன் நிற்கிற கூரைக்கும் நடுவே வெறும் ஆகாயம். ஏஞ்சல் தாவுகிறேன் என்றாள். பின்னாலிருந்து காவலன் சுடுகிறான்.

காவலனின் பகடையைக் கையில் எடுத்தேன். அட்டையை மடக்கி மேஜைக்குக் கீழே வைத்தேன். சக்திவேல் என்ன மச்சி என்றான். ஏஞ்சல் உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். எல்லோர் கண் முன்னாலும் உருட்டினேன். சின்ன எண் விழு, சின்ன எண் விழு என்று கும்பிட்டேன். பத்தொன்பது.

வைக்கோல் எங்கே என்று என் மனசு தேடியது. பழக்கம் அப்படி. காதோரம் போனது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எண் மேஜைமேல் கிடந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டுடுச்சு" என்றேன். "கை எட்டல. கேப்டன் தங்கபுஷ்பம் கீழ போயிட்டா. செத்துட்டா ஏஞ்சல்."

ஆறு வருடமாக நான் காப்பாற்றிவந்த ஆள். அழக்கூடாது என்று பகடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏஞ்சல் எண்ணையே பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிவந்து, கண் நிறைந்து போயிருந்தது.

"அடிப்பாவி, என்னையே கொன்னுட்ட" என்றாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தெரியும். அவள் என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் கண்டதில்லை. பக்கத்தில் சந்திரிகாவும் சிரித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.